வழிநூலா, படியெடுப்பா? – ‘அந்த நாள்’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

முன்னுரை

புதுதில்லியில் ஐ.என்.ஏ. சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் அண்மையில் அமைந்துள்ளது லக்ஷ்மிபாய் நகர். மைய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளால் உருவான பகுதி இது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்குள்ளது. இத்தகைய பகுதியில் வளரும் தமிழ்க் குழந்தை தெருவில் இந்தியைக் கேட்கிறது. பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிறது. தமிழ் அதற்கு முதலில் செவி வழியாகவே வந்து சேர்கிறது. தாயின் பேச்சு, பாட்டியின் கதை, ஒரு காலத்தில் வானொலி, பின்னர் திரைப்படமும் தொலைக்காட்சியும் என்பதே அவ்வருகையின் வரிசை. எழுத்து அதன்பின் வருகிறது.

இவ்வாறு செவி வழியே தமிழைப் பெற்ற மாணவர், தமிழ்த்துறைக்குள் நுழைந்ததும் ஒரு வியப்பைச் சந்திக்கிறார். இயல், இசை, நாடகம் என முத்தமிழின் பெருமையைப் பேசும் துறை, நாடகத்தின் நேர்வழித் தோன்றலாகிய திரைப்படத்தைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. உள்ளே அழைக்கும் அரிய தருணங்களிலும் அதனைச் சமூகவியலுக்கான சான்றாகவோ அரசியல் பரப்புரைக் கருவியாகவோ மட்டுமே நோக்குகிறது. பனுவல் என்ற தகுதி அதற்கு எளிதில் கிடைப்பதில்லை.

இந்நிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று வெளிவந்த ‘அந்த நாள்’. ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய படம் இது. இப்படம் குறித்து மூன்று கூற்றுகள் திரும்பத் திரும்ப வழங்கி வருகின்றன. ஒன்று, இது ‘ராஷோமான்’ என்னும் ஜப்பானியப் படத்தின் தழுவல் என்பது. இரண்டு, இது பாட்டில்லாத முதல் தமிழ்ப்படம் என்பது. மூன்று, திரைப்படம் இலக்கியமன்று. ஆதலின் தமிழ்த்துறைக்கு இதில் வேலையில்லை என்பது. முதற்கூற்று பாதி உண்மை. இரண்டாவது முழு உண்மையாயினும் பயனற்றது. மூன்றாவது தமிழ் மரபுக்கே முரணானது. இவற்றை ஒவ்வொன்றாக மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானொலி ஏற்காத நாடகம்

‘அந்த நாள்’ திரைப்படமாகத் தோன்றுவதற்கு முன் நாடகமாகத் தோன்றியது. வீணைக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற பாலசந்தர் (1927–1990), திரைப்பட விழா ஒன்றில் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ (1950) படத்தைக் கண்டார். அதன் கதை சொல்லும் முறையால் கவரப்பட்டு ஒரு நாடகம் எழுதினார். அகில இந்திய வானொலி அந்நாடகத்தை ஏற்கவில்லை. பின்னர் அக்கதையை ஏ.வி. மெய்யப்பனிடம் சொல்ல, அவர் அதனைத் திரைப்படமாக்க இசைந்தார். திரைக்கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமன் எழுதினார். புலனாய்வு அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே.

கதை, ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர் நாளை ஒட்டி அமைகிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அக்காலத்தில் கதாநாயகராக உயர்ந்துகொண்டிருந்த சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே பிணமாகக் காட்டப்படுகிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்புடைய பெண், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ராஜன் வேறொரு மனிதனாகத் தோன்றுகிறான். இறுதியில், அவன் நாட்டின் மறைபொருள்களைப் பகைவருக்கு அனுப்பிய ஒற்றன் என்பதும், பண்டரிபாய் நடித்த உஷாவின் கைத்துப்பாக்கிக் குண்டுக்கே அவன் இரையானான் என்பதும் வெளிப்படுகின்றன.

இக்கதையின் மையத்தில் வானொலி இருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கொலையுண்டவன் வானொலிப் பொறியாளன். ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலிப் பெட்டியைச் செய்ய முனைந்தவன். அம்முயற்சிக்கு ஆதரவு மறுக்கப்பட்ட கசப்பே அவனைப் பகைவர் பக்கம் தள்ளுகிறது. அவன் செய்யும் குற்றமும் செய்தி அனுப்புதல் என்னும் ஒலிவழிக் குற்றமே. வானொலிக்கு எழுதப்பட்டு அங்கு இடம்பெறாத ஒரு நாடகம், வானொலியையே பொருளாகக் கொண்ட திரைப்படமாக வளர்ந்துள்ளது. இதனை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்கிவிடுதல் தகாது. ஆயினும் பனுவலின் உள்ளமைப்பை அறிய விரும்பும் எவரும் இத்தொடர்பைக் கடந்து செல்ல இயலாது.

வேறொரு செய்தியும் இங்குச் சுட்டத்தக்கது. 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் ‘அந்த நாள்’ தமிழில் இரண்டாவது சிறந்த படத்திற்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றது. விருதை வழங்கியதும் வானொலியை நிருவகித்ததும் ஒரே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். நாடகமாக வந்தபோது உள்ளே விடாத அமைப்பு, படமாக வந்தபோது மதிப்புச் செய்தது. தமிழ்த்துறைகளோ இரு வடிவங்களையும் ஒருசேரப் புறந்தள்ளின.

‘ராஷோமான் தழுவல்’ என்னும் கூற்று

பாலசந்தருக்குத் தூண்டுதல் ‘ராஷோமான்’ என்பதில் ஐயமில்லை. தூண்டுதலையும் தழுவலையும் ஒன்றெனக் கொள்வதே பிழை. இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறுபாடு எளிதில் புலனாகும்.

‘ராஷோமான்’ அகுதாகவாவின் இரு சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்டது. அங்குக் காட்டில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறுகின்றனர். அவற்றுள் வியப்புக்குரியது, கொலைப்பழியைத் தம்மீதே ஏற்றிக்கொள்வார் ஒருவர்க்கு மேற்பட்டோர் இருப்பதாகும். கொள்ளையன் தானே கொன்றேன் என்கிறான். இறந்தவனின் ஆவி தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாகச் சொல்கிறது. ஒவ்வொருவரும் தம் மானத்தைக் காக்கப் பொய்யுரைக்கின்றனர். முற்ற முடிந்த உண்மை இதுவெனப் படம் அறுதியிட்டுக் கூறுவதில்லை.

‘அந்த நாள்’ இதற்கு நேர்மாறானது. இங்குச் சான்றுரைப்போர் பழியைப் பிறர் மீது சுமத்துகின்றனர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் ஊகம். இன்னாருக்கு இன்ன காரணத்தால் ராஜன் மேல் பகை உண்டு, ஆகவே அவரே கொன்றிருக்கக் கூடும் என்பதே அக்கூற்றுகளின் அமைப்பு. ஊகங்கள் காட்சிகளாக விரிந்து, பின்னர் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. இறுதியில் எஞ்சுவது உண்மை. குரோசாவாவின் படத்தில் உண்மை சிதறுகிறது. பாலசந்தரின் படத்தில் உண்மை திரட்டப்படுகிறது. முறை ஒன்றாகத் தோன்றினும் அறிவுக் கொள்கை வேறு. அந்தோணி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி வுமன் இன் கொஸ்டின்’ (1950) என்னும் ஆங்கிலப் படத்தோடு ‘அந்த நாள்’ ஒப்பிடப்படுவதும் இக்காரணத்தால்தான். கொலையுண்ட ஒரு பெண்ணை ஐவர் ஐந்து விதமாகக் காண்பதும், காவல் அதிகாரி அவற்றினூடே உண்மையை அடைவதும் அப்படத்தின் அமைப்பு.

உண்மையைத் திரட்ட முடியும் என்னும் இந்த நம்பிக்கை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இந்நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. பாண்டியன் பொற்கொல்லனின் ஒருவாய்ச் சொல்லை ஆராயாது ஏற்றான், கோவலன் கொலையுண்டான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, முத்துப் பரலுடைய தன் தேவியின் சிலம்பன்று அது என்பது மன்னனுக்கு விளங்கியது. ஒரு சான்றை மட்டும் கேட்டு முடிவு செய்ததன் கேடு அங்குப் பேசப்படுகிறது. எல்லாச் சான்றுகளையும் கேட்டுப் பின் முடிவு செய்வதன் அருமை ‘அந்த நாள்’ படத்தில் காட்டப்படுகிறது. கியோட்டோவின் பாழடைந்த வாயிலைவிட மதுரையின் அரசவைக்கு இப்படம் நெருங்கியது என்பது மிகையாகாது. தழுவல் என்னும் ஒற்றைச் சொல் இவ்வொப்பீட்டுக்கு இடமே தராமல் ஆய்வை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

வழிநூல் மரபும் இரட்டை அளவுகோலும்

ஒரு வாதத்திற்காக ‘அந்த நாள்’ தழுவலே என வைத்துக்கொள்வோரும் அதனால் அதன் தகுதி குறையும் எனக் கூற இயலாது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கிறது. வழிநூல் தோன்றும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டையும் இணைத்தல், மொழிபெயர்த்தல் ஆகிய நான்கைச் சுட்டுகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது. பிற மொழியிலிருந்து பெறுவது இழுக்கு என்ற கருத்து இவ்விலக்கணங்களில் இல்லை. பெற்றதை எவ்வாறு யாத்தான் என்பதே அவற்றின் கேள்வி.

தமிழ்த்துறைகள் இம்மரபை இலக்கிய நூல்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. கம்பன் வால்மீகியைப் பின்பற்றியதை எவரும் குறையாகக் கூறுவதில்லை. வேறுபட்ட இடங்களைக் கண்டு போற்றுகின்றனர். பெ. சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் கதையை அடியொற்றியது. அந்நாடகம் பல்லாண்டுகளாகப் பாடத்திட்டத்தில் இடம்பெற்று வருகிறது. அதன் பாயிரப் பகுதியிலிருந்தே தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியார் சேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். நாடக வரலாறு எழுதுவோர் அதனைச் சாதனையாகவே பதிவு செய்கின்றனர்.

லிட்டனிடமிருந்து பெற்றது காப்பிய நாடகம். குரோசாவாவிடமிருந்து பெற்றது படியெடுப்பு. இவ்விரட்டை அளவுகோலுக்கு விளக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். முன்னது அச்சில் வந்தது. பின்னது படச்சுருளில் வந்தது. எழுதப்பட்ட பொருளின் மீதான மதிப்பீடு எழுதும் பொருளின் மீதான மதிப்பீடாக இங்கு மாறிவிட்டது. ஓலையிலிருந்து தாளுக்கு வந்தபோது இலக்கியம் இலக்கியமாகவே இருந்தது என ஏற்பவர்கள், தாளிலிருந்து படச்சுருளுக்கு வந்தபோது மட்டும் அது இலக்கியத் தகுதியை இழந்துவிட்டது எனக் கருதுவது எவ்வகையில் பொருந்தும்?

உலக அளவிலும் இவ்வகைப் படங்களுக்கு மேடையோடு நெருங்கிய உறவு உண்டு. இருண்ட ஒளியமைப்பும் குற்றமும் ஐயமும் கலந்த அமெரிக்கப் படங்களை ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புத் திரைப்படம், எனப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ ஃபிராங்க் 1946இல் குறித்தார். அவ்வகையில் போற்றப்படும் ‘கேஸ்லைட்’ (1944) பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய மேடை நாடகத்திலிருந்து வந்தது. ‘கீ லார்கோ’ (1948) மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் நாடகத்திலிருந்தும், ‘டிடெக்டிவ் ஸ்டோரி’ (1951) சிட்னி கிங்ஸ்லியின் நாடகத்திலிருந்தும் உருவாயின. ‘சாரி, ராங் நம்பர்’ (1948) லூசில் ஃபிளெட்சர் 1943இல் எழுதிய வானொலி நாடகத்தின் திரைவடிவம். ஆங்கிலத் துறைகளில் நாடகமும் படமும் அருகருகே வைத்துப் பயிலப்படுகின்றன. எது மூலம் என்ற செய்தி அங்கு ஆய்வின் தொடக்கமாக அமைகிறது. இங்கோ அச்செய்தி கிடைத்தவுடன் ஆய்வு முடிந்துவிடுகிறது.

‘கேஸ்லைட்’ தமிழுக்கும் வந்தது. மனைவியைப் பித்துப் பிடித்தவளாக நம்பவைக்கும் கணவனின் கதையைச் சி.என். அண்ணாதுரை ‘ரங்கோன் ராதா’ என்னும் புதினமாக்கினார். மு. கருணாநிதியின் திரைக்கதை உரையாடலில், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 1956இல் அது படமாயிற்று. ஆங்கில மூலத்தில் கணவன் நாடுவது மறைந்திருக்கும் அணிகலன்களை. தமிழில் அவன் நாடுவது மனைவியின் தங்கையையும் அவள்வழி வரும் சொத்தையும். அங்கே எரிவாயு விளக்கின் ஒளி மங்குகிறது. இங்கே பேய் பிடித்தல் என்னும் நம்பிக்கை கருவியாகிறது. ஒரு பெண்ணின் அறிவைப் பொய்யாக்க ஒவ்வொரு சமூகமும் தன்னிடம் உள்ள கருவியையே எடுக்கும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது. படியெடுப்பு எனச் சொல்லிக் கடந்து சென்றவர்கள் இவ்வுண்மையைத் தவறவிட்டனர்.

‘பாட்டில்லாத படம்’ என்னும் அடையாளம்

‘அந்த நாள்’ பாடல், நடனம், சண்டைக் காட்சி ஆகிய மூன்றும் இல்லாத முதல் தமிழ்ப்படம். இதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. பொது அறிவு வினா விடை நூல்களில் இத்தகவல் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. ஆனால் ஒரு படைப்பில் இல்லாததைச் சொல்வது அப்படைப்பைப் பற்றிய அறிவாகாது. வெண்பாவை ‘நாற்சீர்க் குறைவுடைய இறுதியடி கொண்டது’ என்று மட்டும் கூறிக் கல்வியை முடித்துக்கொள்ளும் ஆசிரியர் எவரும் இலர்.

கேட்க வேண்டிய கேள்வி, பாடல் நீங்கிய இடத்தில் எது வந்து அமர்ந்தது என்பது. விடை, குரல். அண்டை வீட்டில் கேட்ட துப்பாக்கி ஒலியிலிருந்து விசாரணை பிறக்கிறது. அதன்பின் படம் முழுவதும் ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார். பேச்சு நினைவாக விரிந்து மீண்டும் பேச்சாகச் சுருங்குகிறது. சான்றுரைகளால் அமைந்த கதை வானொலிக்கு இயல்பாகப் பொருந்துவது. திரை, ஒப்பனை, அரங்கப் பொருள் ஏதுமின்றிக் குரல்கள் மட்டுமே வந்து தத்தம் கதையைச் சொல்லிச் செல்லும் வடிவம் அது. பாலசந்தர் பாடல்களை நீக்கியது துணிச்சலான செயலாகப் போற்றப்படுகிறது. அத்துணிச்சலுக்கு வடிவ அடிப்படை ஒன்று இருந்ததை இப்போற்றுதல் மறைத்துவிடுகிறது.

குரலுக்கு எதிரிடையாக நிற்பது நிழல். எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவு முகங்களின் ஒரு பாதியை இருளில் வைக்கிறது. சொல்லப்படுவதை முழுதும் நம்பவேண்டா எனக் காட்சி எச்சரிக்கிறது. காதுக்குக் கிடைக்கும் உறுதியைக் கண் ஐயுறுகிறது. இவ்வெதிர்நிலையே படத்தின் அழகியல். இதனை விளக்கும் முயற்சியில் தமிழாய்வு ஈடுபட்டிருந்தால், குரல், கூற்று, கேட்போர் என்னும் அகப்பொருள் கலைச்சொற்களே அதற்குப் போதுமானவையாக இருந்திருக்கும். யார் கூற்று, யாரிடம் கூறியது, கேட்டதன் பயன் யாது என வினவும் பயிற்சி தமிழ் உரையாசிரியர்களிடம் நெடுங்காலமாக உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவற்றைச் செய்யுள் உறுப்புகளாகவே எண்ணுகிறது. சான்றுரைகளின் தொகுதியாகிய ஒரு படத்தைப் பயில இதனினும் பொருத்தமான கருவித்தொகுதி அயல்மொழிக் கோட்பாடுகளிலும் எளிதில் கிட்டாது.

மேடைத் தமிழும் செவித்தமிழும்

அதே 1954ஆம் ஆண்டில், ‘அந்த நாள்’ வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்னர், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகமான ‘மனோகரா’ திரைப்படமாக வந்தது. உரையாடல் மு. கருணாநிதி, நாயகர் சிவாஜி கணேசன். ஆண்டிறுதியை ஒட்டித் திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகமான ‘இரத்தக்கண்ணீர்’ எம்.ஆர். ராதா நடிக்க வெளிவந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வந்த ‘பராசக்தி’யும் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்டதே. மேடையிலிருந்து திரைக்கு வந்த தமிழின் பெருங்காலம் அது.

‘மனோகரா’வின் தமிழ் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என எழுதப்பட்டது. எதுகையும் மோனையும் அடுக்கும் நிறைந்த அவ்வுரையாடலை மக்கள் மனப்பாடம் செய்தனர். ‘அந்த நாள்’ படத்தின் தமிழ் ஓர் அறைக்குள் ஒருவர் செவிக்கு எட்டினால் போதும் என எழுதப்பட்டது. நாள்தோறும் வீடுகளில் புழங்கும் பேச்சின் ஓட்டம் அதிலுண்டு. ஒரே நடிகர் ஒரே ஆண்டில் இருவகைத் தமிழையும் பேசியுள்ளார். இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரலாற்றை எழுதுவோர்க்கு இதைவிடச் செறிவான சான்று கிடைப்பது அரிது. ஆயினும் உரைநடை வரலாற்று நூல்கள் மேடைப் பேச்சுக்கும் இதழ்நடைக்கும் தனி இயல்கள் ஒதுக்கும் அளவிற்கு வானொலி, திரைப்பட உரையாடலுக்கு இடம் தருவதில்லை.

ஜாவர் சீதாராமன் பின்னர் ‘உடல் பொருள் ஆனந்தி’ முதலிய தொடர்கதைகளால் பரவலாக அறியப்பட்டார். அச்சில் வந்த தொடர்கதையை வெகுசன இலக்கியம் என்னும் தலைப்பிலேனும் ஆய்வாளர் தொடுகின்றனர். அதே கை எழுதிய ‘அந்த நாள்’ உரையாடலைத் தொடுவதில்லை. எழுத்தாளர் ஒருவரே, மொழியும் ஒன்றே. வேறுபாடு வெளியீட்டு ஊடகத்தில் மட்டுமே உள்ளது.

இவ்வலட்சியத்தின் இழப்பு கற்பனையானதன்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், பரதம், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய இசை, நாடக நூல்களின் பெயர்களைக் குறித்து, அவற்றுள் பல இறந்துபட்டமையையும் தெரிவிக்கிறார். அக்குறிப்பைப் படித்து வருந்தாத தமிழாசிரியர் இலர். தம் காலத்தில் அதே இழப்பு நிகழ்வதை மட்டும் அவர்கள் காண்பதில்லை. வானொலிக்கென எழுதப்பட்ட தமிழ் நாடகங்களுள் மிகச் சிலவே அச்சேறின. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது முதல் காற்றில் கலந்த நாடகங்கள் எத்துணையோ. ஒலிபரப்பான நாடகங்களுக்கே இந்நிலை எனில், மறுக்கப்பட்ட நாடகங்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

எதிர்வாதங்கள்

இக்கருத்துகளை ஏற்காதவர் தரப்பிலும் பொருட்படுத்தத்தக்க வாதங்கள் உள்ளன. முதலாவது, திரைப்படம் பலர் கூடிச் செய்யும் பண்டம். அதற்கு ஓர் ஆசிரியர் இல்லை. நிலைத்த பாடமும் இல்லை. ஆசிரியர் பெயர் அறியாத பாடல்களையும், பாடவேறுபாடுகள் மலிந்த சுவடிகளையும் பதிப்பித்தே வளர்ந்த துறை தமிழ்த்துறை. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்க எத்தனை சுவடிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது என்பதை அத்துறையினர் அறிவர். நிலையாத பாடத்தை நிலைநிறுத்துவதில் பழுத்த அனுபவம் உடையவர்கள், அதே காரணத்தைக் காட்டி ஒதுங்குவது முறையன்று.

இரண்டாவது, திரைப்படத்தைப் பாடத்தில் சேர்த்தால் நடிகர் வழிபாடும் நுகர்வு மோகமும் வகுப்பறைக்குள் புகும் என்பது. இவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. திரைப்படம் குறித்து வெளிவரும் எழுத்துகளில் கணிசமானவை நினைவுக் குறிப்புகளும் புகழுரைகளுமே. ஆனால் இந்நிலைக்குக் காரணம், முறையான ஆய்வு அக்களத்தைக் கைவிட்டமையே. உழாத நிலத்தில் களை மண்டியது குறித்து உழவன் நிலத்தைக் குறைகூறல் ஆகாது.

மூன்றாவது, காட்சிக் கலையை ஆராயும் பயிற்சி தமிழாசிரியர்க்கு இல்லை. அது ஊடகவியல் துறையின் பணி என்பது. ஊடகவியல் துறை படத்தின் ஒளியமைப்பையும் படத்தொகுப்பையும் விளக்கலாம். ‘மனோகரா’வின் நடைக்கும் ‘அந்த நாள்’ நடைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியவர் யார்? கூற்றும் கேட்போரும் பற்றிய இலக்கணத்தை அறிந்தவர் யார்? தமிழ்த்துறை விலகிக்கொண்டால் தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வு, தமிழறியாதார் ஆங்கிலத் துணைவரிகளைக் கொண்டு நிகழ்த்தும் ஆய்வாகவே எஞ்சும்.

போற்றுதலின் எல்லை

ஒரு படைப்பைப் பனுவலாக ஏற்பது அதன் குறைகளை மறைப்பதாகாது. ‘அந்த நாள்’ தன் இறுதியில் நாட்டுப்பற்றை எல்லாவற்றினும் மேலாக நிறுத்துகிறது. மறுக்கப்பட்ட ஓர் அறிவாளியின் கசப்புக்கு அரசும் சமூகமும் எவ்வளவு பொறுப்பு என்ற வினாவைப் படமே எழுப்பிவிட்டு, அதனை விடையின்றி விட்டுச் செல்கிறது. ஆங்கிலேய ஆட்சியின் கீழிருந்த 1943இல் ‘நாடு’ என்பது யாருடையது என்னும் கேள்வியும் பேசப்படாமலே போகிறது. ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய இராணுவம் போரிட்ட காலம் அது. அதில் தமிழர் பலர் இருந்தனர். அவர்களை விடுதலை வீரர் எனப் போற்றும் சமூகம், ராஜனைத் துரோகி என்று ஐயமின்றி ஏற்பதற்குரிய விளக்கத்தைப் படம் தரவில்லை. அந்த இராணுவத்தின் பெயரையே தாங்கிய சந்தைக்கு அருகில், அதன் மகளிர் படைக்குப் பெயர் தந்த ஜான்சி ராணி லக்ஷ்மிபாயின் பெயரால் அமைந்த நகரில் வளரும் மாணவர்க்கு இக்கேள்வி எளிதில் எழும்.

உஷாவின் நிலையும் விவாதத்திற்குரியது. கணவனே தெய்வம் என்ற கொள்கை கோலோச்சிய திரையுலகில், கணவனைக் குற்றவாளியெனக் கண்டு துப்பாக்கி ஏந்திய மனைவியைப் படைத்தது புரட்சியே. ஆயினும் கணவனுக்கு அடங்கிய இடத்தில் நாட்டுக்கு அடங்கியவளாக மாறுவதே அவளுக்கு அளிக்கப்பட்ட விடுதலை. கண்ணகி அரசனை நோக்கி நீதி கேட்டாள். உஷா அரசின் சார்பில் நீதி வழங்குகிறாள். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெண்ணிய நோக்கில் அளந்தறியத்தக்கது. இத்தகைய மறுப்புகளும் கேள்விகளும் எழ வேண்டுமெனில், முதலில் இப்படம் படிக்கத்தக்கதாக ஏற்கப்பட வேண்டும். ஒதுக்கப்பட்ட படைப்பு குறைகூறலிலிருந்தும் தப்பிவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகும். ‘அந்த நாள்’ ‘ராஷோமான்’ படத்தால் தூண்டப்பெற்று, அதன் அறிவுக் கொள்கையிலிருந்து விலகி, தமிழ் வழக்குரை மரபோடு ஒப்புநோக்கத்தக்க தனிப் பனுவலாக நிற்பது. அதன் பாடலின்மை, வானொலி நாடகம் என்னும் அதன் தோற்ற வடிவோடு பொருந்தி வருவது. தமிழ் இலக்கணம் வழிநூலுக்குத் தரும் மதிப்பைத் திரைப்படத்திற்கு மறுப்பது, கொள்கையினால் அன்று, ஊடகம் பற்றிய மனத்தடையினால் நிகழ்வது.

செய்ய வேண்டியவை பெரும்பொருட் செலவைக் கோருவன அல்ல. நாடகமும் அதன் திரைவடிவும் இணைந்து பயிலப்படும் ஒரு தாள் முதுகலைப் பாடத்திட்டத்தில் இடம்பெறலாம். எஞ்சியுள்ள வானொலி நாடகப் படிகளைத் தேடித் தொகுப்பது முனைவர் பட்டத்திற்குரிய பணியாக ஏற்கப்படலாம். திரைப்பட உரையாடல்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளுடன் பதிப்பிக்கலாம். தில்லிப் பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் முதலிய தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள் இதில் முன்னிற்பது மிகப் பொருந்தும். செவி வழியே தமிழைக் காத்துவந்த மக்கள் அவற்றைச் சூழ்ந்து வாழ்கின்றனர். தில்லியிலிருந்து பல பத்தாண்டுகள் ஒலித்த தமிழ்ச் செய்தியறிக்கையைத் தமிழகமே செவிமடுத்தது. ஊரைவிட்டுத் தொலைவில் இருந்தோர்க்கு அக்குரல் தம்மொழி தம்மோடு இருக்கிறது என்பதற்கான உறுதியாயிற்று.

லக்ஷ்மிபாய் நகரின் பள்ளி மாணவர் நாளை ஒரு தமிழ்த்துறையின் வாயிலில் வந்து நிற்கும்போது, அவர் கேட்டு வளர்ந்த தமிழ் தமிழன்று என அத்துறை கூறுமாயின், அவர் திரும்பிச் செல்வதற்கு வேறு துறைகள் பல உண்டு. தமிழ்த்துறைக்கு வேறு மாணவர்கள் அத்துணைப் பேர் இல்லை. வானொலி ஒருமுறை ஏற்காத நாடகத்தைத் திரைப்படம் காப்பாற்றியது. தமிழாய்வு கைவிட்டவற்றைக் காப்பாற்றத் தமிழாய்வையன்றி வேறெதுவும் இல்லை.